அளவுத் தலை

முடிசூட்டுக்கு முன், அரசியின் தலையளவு கொண்ட ஒருத்தியைத் தேடிப்பிடித்து, அவளுக்குக் கிரீடத்தைச் சூட்டி வைத்துத்தான் பொற்கொல்லர்கள் நாங்கள் அந்தப் பெரிய வைரத்தைப் பதிப்போம். அரண்மனை வழக்கம் அது. இந்த முறை அகப்பட்டவள் சமையற்கட்டில் மாவரைக்கும் குப்பாச்சி. நான் சரியாக எண்ணியிருந்தால், நாற்பது நாள் அவள் காலை முதல் மாலை வரை கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஆடாதீங்கக்கா. அஞ்சு ராஜாக்க சண்டை போட்டுப் பிடுங்கின கல்லு" என்பேன்.

"அஞ்சு பேருக்கும் கழுத்து வலிச்சிருக்கும். அதான் விட்டுட்டானுங்க" என்பாள்.

கடைசி நாள் கிரீடத்தை எடுத்தேன். அவள் கழுத்து குனியவில்லை. எண்ணெய் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம்.

"நாளைக்கு ஊர்வலத்துல கல்லுக்குத் தலை குனியலேன்னா வெட்டிடுவானுங்களேடா" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை.

"வராம இருந்துடுங்கக்கா."

"அளவு குடுத்தவ முன்வரிசையில நிக்கணுமாம். அதுவும் உங்க வழக்கந்தான்."

மறுநாள் பல்லக்கு வந்தபோது வீதியே குனிந்தது. நானும் குனிந்து ஓரக்கண்ணால்தான் பார்த்தேன், தவறாகவும் இருக்கலாம். குப்பாச்சி மட்டும் நிமிர்ந்து நின்றாள். வாள்காரன் ஒருவன் அவளை நோக்கி நடந்தான். பத்தொன்பது வயது அரசி அந்தக் கனத்தை அன்றுதான் முதன்முதலாகச் சுமந்தாள். கழுத்து நடுங்கியது. குப்பாச்சிக்கு நேரே வந்தபோது அரசியின் தலையோடு வைரமும் மெல்லக் கீழே சாய்ந்தது. வாள்காரன் நடுவீதியில் நின்று, இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.