முனகல் இல்லாமல் ஒரு பாட்டு

வாயில் பிளாஸ்திரி ஒட்டியாகிவிட்டது. அப்படியும் முனகல் நிற்கவில்லை.

"இன்னொரு துண்டு ஒட்டட்டுமா சார்?" என்று கேட்டார் ஒலிப்பதிவாளர். நாற்காலியில் இருந்தவர் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினார்.

"மூக்கை மட்டும் விட்டுடுங்க. மூச்சு விடணும்ல" என்றார் அவர் மனைவி, பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடத்தல் எதுவுமில்லை. நடந்துகொண்டிருந்தது பாட்டுப் பதிவு. ஒலிப்பதிவாளர் இரண்டாவது துண்டையும் ஒட்டிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பியானோ ஆரம்பித்தது. கூடவே "ம்ம்ம்... ம்ஹும்ம்" என்று அடித்தொண்டை முனகலும் ஆரம்பித்தது.

பியானோக்காரர் ஐம்பது வயதுவரை ஹோட்டல்களில், சாப்பிடுகிறவர்களுக்காக ஜாஸ் வாசித்தவர். இதுதான் அவருடைய முதல் இசைத்தட்டு. எழுதிவைத்ததைப் பார்த்து வாசிக்கிற ஆள் இல்லை. அந்த நேரத்துக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் பாட்டு. இவருக்குத் தோன்றுகிற மாதிரி வேறு யாருக்கும் தோன்றாது என்று ஒலிப்பதிவாளர் சத்தியமே செய்வார். ஒரே குறை இந்த முனகல்.

இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "ஆளு ஜீனியஸ், ஒத்துக்கிறேன். அதுக்காக வாங்குறவன் பல்லுவலிக்காரன் பக்கத்துல உக்காந்து பாட்டுக் கேக்கணுமா? நாளைக்குள்ள முனகல் இல்லாம ஒரு பாட்டு குடுக்கச் சொல்லு. இல்லன்னா மறுபடி ஹோட்டலுக்கே போகட்டும்."

ஒலிப்பதிவாளருக்குப் பியானோக்காரர்களின் கிறுக்கெல்லாம் பழக்கம்தான். ஒருத்தர் செருப்பைக் கழற்றாமல் பியானோக் கட்டைமேல் கை வைக்கமாட்டார். இன்னொருத்தர் பாட்டு சூடு பிடித்ததும் எழுந்து நின்றுவிடுவார், மைக்கையும் கூடவே தூக்கிப் பிடிக்க வேண்டும். இவருக்கு இடது பக்கம் மனைவி உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அம்மாவும் வாயைத் திறக்காமல் பின்னிக்கொண்டிருப்பார். யாருக்கும் தொந்தரவில்லாத கிறுக்கு என்று ஒலிப்பதிவாளர் மெத்தை வைத்த நாற்காலியாகவே போட்டுக்கொடுத்திருந்தார்.

பிளாஸ்திரியைப் பிய்த்தபோது மீசையும் கொஞ்சம் கூடவே வந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மிட்டாய் குடுத்துப் பாத்தாச்சு, மைக்கை பியானோ வயித்துக்குள்ளயே இறக்கிப் பாத்தாச்சு. இது எப்படித்தான் வருது?"

"பழக்கம் தம்பி" என்றார் பியானோக்காரர், மீசையைத் தடவிக்கொண்டு. "இது இல்லாம நான் வாசிச்சதே இல்லை."

"ஒண்ணு கவனிச்சேன் சார். முனகல் முதல்ல வருது, விரல் ஒரு மயிரிழை பின்னாடி வருது."

"மனசுல வந்தாத்தானே விரலுக்கு வரும்" என்றார் மனைவி. அந்த அம்மாவுக்குக் கட்டைக் குரல். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இந்த ஏசி கொஞ்சம் அதிகமா இருக்கு. தொண்டைக்கு ஆகாது" என்றார்.

ஒலிப்பதிவாளருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. தொண்டை கட்டிக்கொண்டால் மனிதர் எப்படி முனகுவார்? விரலுக்கு ஜலதோஷம் பிடித்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

பாவமான வேலைதான், அவருக்கே மனசு உறுத்தியது. ஆனால் இப்பேர்ப்பட்ட ஆள் மறுபடி முள்கரண்டிச் சத்தத்துக்கு நடுவில் போய் உட்காருவதை நினைத்தால் அதைவிட உறுத்தியது. "பாக்குறேன்மா" என்று எழுந்து போய், ஏசியை உச்சத்தில் வைத்துவிட்டு வந்தார்.

சாயங்காலம்வரை இருவரையும் அவர் எழுந்திருக்க விடவில்லை. மைக்கை இப்படி நகர்த்தினார், அப்படி நகர்த்தினார், வயரைக் கழற்றி மறுபடி அதையே மாட்டினார். கிளம்பும்போது பியானோக்காரர் ஒரு தும்மல் போட்டார். ஒலிப்பதிவாளருக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் முதலாளியே வந்து கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஒலிப்பதிவாளர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆரம்பிக்கலாம் என்று கையைக் காட்டினார்.

முனகல் இல்லை. துளிகூட இல்லை.

"பரவாயில்லையே" என்று முதலாளி அவர் முதுகில் தட்டினார். "என்னய்யா பண்ணின?"

"சின்னதா ஒரு வைத்தியம் சார்" என்றார் ஒலிப்பதிவாளர் அடக்கமாக.

பியானோவும் கேட்கவில்லை என்பது அதற்கப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பியானோக்காரர் கட்டைகளின்மேல் கையை வைத்தபடி இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பின்னலை மடியில் போட்டுவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஒலிப்பதிவாளர் மைக்கின் பொத்தானை அழுத்தினார். "சார், ஆரம்பிக்கலாமே. தொண்டை ரொம்பப் படுத்துதா?"

"எனக்கென்ன, கணீர்னு இருக்கு" என்றார் பியானோக்காரர். "அவளுக்குத்தான் கட்டிக்கிச்சு. நான் இப்ப எதைக் கேட்டு வாசிக்கிறது?"