மூணுகல் முனியப்பன் துணை

"எழுதட்டுமா, சம்பந்தி? மேல முதல் வரியில உங்க குலதெய்வம். அதுக்குக் கீழதான் எங்களோடது. மாப்பிள்ளை வீட்டு மரியாதை முக்கியம் பாருங்க."

ரத்தினவேல் கோடு போட்ட தாளில் ஓரம் மடித்து, கல்யாணப் பத்திரிகை வாசகம் எழுதத் தயாரானார்.

மகள் மனிஷாவுக்கும் சுரேந்தருக்கும் நிச்சயமாகி ஏழு மாதம். ஹெப்பாள் தொழிற்பேட்டைக்கு ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வந்து, தாங்களாகவே முடிவு செய்துகொண்ட ஜோடி. கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போனதற்கு ரத்தினவேல்தான் காரணம். குலதெய்வம் எதுவென்று தெரியாமல் பத்திரிகை அடிக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

தாத்தா காலத்தில் மைசூருக்கு வந்த குடும்பம். எந்த ஊரிலிருந்து, எந்தச் சாமியை விட்டுவிட்டு வந்தார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. மனிதர் சளைக்கவில்லை. பவானியிலிருந்து சத்தியமங்கலம் வரை போஸ்ட்மாஸ்டர், பூசாரி, தலைமையாசிரியர் என்று ஒருவரையும் விடாமல் கடிதம் போட்டார். ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, நகல். நாற்பத்திரண்டுக்குப் பதிலே இல்லை. நாற்பத்து மூன்றாவதற்குப் போன வாரம் ஒரு பூசாரியிடமிருந்து பதில் வந்துவிட்டது!

இப்போது அது ஃபைலுக்குள் அவர் மடியில் இருந்தது.

எதிரே சோபாவில் சுரேந்தரின் அப்பா முரளிதரனும் அம்மா உமாதேவியும். பக்கத்துப் பெஞ்சில் சுரேந்தரும் மனிஷாவும். "முதல்ல உங்களோடது கிடைக்கட்டும், எங்களோடது எங்க ஓடிடப் போகுது?" என்று ஏழு மாதமும் சொல்லிவந்தவர் முரளிதரன். இன்று தப்ப வழியில்லை. காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். மனைவியைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்களோடதா... மூணுகல் முனியப்பன்."

பேனா தாளில் குத்திக்கொண்டு நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"மூணுகல் முனியப்பன். ஏனுங்க, நல்ல சாமிதானே?"

ரத்தினவேல் பூசாரியின் கடிதத்தை உருவிப் படித்தார். "தங்கள் குலதெய்வம் மூணுகல் முனியப்பன் என்பதை மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

சமையலறை வாசலில் மனைவி ஆண்டாள் கையிலிருந்த தட்டு சாய்ந்து, நாலு போண்டா உருண்டோடின.

"ஒரே குலதெய்வம்னா நாம பங்காளிங்க! பங்காளிக்குள்ள எப்படிச் சம்பந்தம் பண்றது? இதுங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி!" என்று கத்தினார் ரத்தினவேல்.

"ஹௌதா? நிஜமாவா?" என்று சுரேந்தர் மனிஷாவை விட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான்.

"டேய், நீ எதுக்குடா நகர்ற?" என்றாள் மனிஷா.

"இல்ல... அண்ணன்னு சொல்றாங்களே..."

"அண்ணன் கிண்ணன்னா உதை வாங்குவ!"

ரத்தினவேலுக்கோ அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வம்சாவளிப் படத்தைத் தரையில் விரித்தார். தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்ததாகக் கேள்வி. அந்தக் கட்டத்தில் இத்தனை நாளாக ஒரு கேள்விக்குறிதான் இருந்தது.

"உங்க தாத்தா பேரு?"

"காளியப்பன்."

கேள்விக்குறியை அடித்துவிட்டுக் காளியப்பன் என்று எழுதினார். கண் கலங்கியது. "வயசுலயும் நீங்கதான் மூத்தவர். இனிமே என்ன சம்பந்தி? அண்ணா!" என்று முரளிதரனை இறுகக் கட்டிக்கொண்டார்.

"அப்ப கல்யாணம்?" என்றாள் உமாதேவி.

"எப்படிங்க அண்ணி நடக்கும்? வேண்டாம்னு மண்டபத்துக்கு இன்னைக்கே லெட்டர் போட்டுடறேன்."

மனிஷா தேம்ப ஆரம்பித்தாள்.

"சம்பந்தி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள் ஆண்டாள் பதற்றமாக. "வேற ஏதாவது சாமியா இருக்கப் போகுது!"

உமாதேவி கணவரின் தொடையில் கிள்ளினாள். "சொல்லித் தொலைங்களேன். புள்ள வாழ்க்கை!"

முரளிதரன் அணைப்பிலிருந்து மெல்ல விடுபட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. எங்க குலதெய்வம் எதுன்னு எங்களுக்கும் தெரியாது. எங்கப்பாவுக்கே தெரியாது. நீங்க ஃபைலு, நம்பருன்னு தேடறதைப் பாத்துட்டு, தெரியலைன்னு சொல்ல வெக்கமாப் போச்சு. இப்ப திடீர்னு கேட்டுட்டீங்களா, சன்னல் வழியாப் பாத்தேன். எதிர்ல ஒரு தமிழ்நாட்டு லாரி நிக்குது. அது நெத்தியில எழுதியிருந்ததைப் படிச்சுட்டேன்."

முதலில் சிரித்தவள் மனிஷா. சுரேந்தர் அந்த ஒரு முழத்தைத் திரும்ப நகர்ந்து வந்தான். அவளிடம் வாங்கிய குத்தைப் பொருட்படுத்தவில்லை.

ரத்தினவேல் ஸ்கேல் வைத்துக் காளியப்பனை அடித்தார். முகம் வாடிப்போயிற்று. ஒரு நிமிடம்தான். திடீரென்று எழுந்து செருப்பை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் ஆண்டாள்.

"லாரிக்காரரைப் பார்க்க! நம்ம சாமி பேரை எழுதியிருக்கார்னா அவர்தான்டி நம்ம பங்காளி! மூணு மாசமா வாசல்ல நிறுத்தறார்னு ரெண்டு தடவை சண்டை வேற போட்டேனே, பாவி!"

ஆண்டாள் குறுக்கே வந்து கதவை மறித்தாள்.

"செருப்பைக் கழட்டுங்க. நீங்க நாப்பத்து நாலு, அம்பதுன்னு போயிட்டே இருந்தா, மணவறையில பொண்ணு நரைச்ச தலையோடதான் உக்காரணும். அதான், பூசாரி எழுதற மாதிரி ஒரு பதில் போடுன்னு சத்தியமங்கலத்துல எங்க அண்ணன்கிட்ட சொன்னேன். என்ன சாமின்னு எழுதறதுன்னு போன்ல கேட்டாரு."

அவள் குரல் இறங்கியது.

"சமையக்கட்டு சன்னல்ல இருந்து பாத்தாலும் அந்த லாரிதாங்க தெரியுது."