உண்மை மாதிரி

“அந்தச் செய்தியை அனுப்பின புள்ள நீங்கதானா? அல்லாஹ் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான்!”

கீர்த்தனி கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். துறைமுக வீதியில் இருக்கும் அந்த மென்பொருள் அலுவலகத்துக்கு இப்படி வாழ்த்திக்கொண்டு யாரும் வந்ததில்லை. வருகிறவர்கள் ஏசத்தான் வருவார்கள்.

“இருங்க அம்மா. என்ன செய்தி?” கதிரையை இழுத்துப் போட்டாள்.

“கிண்ணியாவில இருந்து வாறன் மகள். பேர் நஜ்முன் நிஸா. என்ட மகன் றுவைஸ் கடலுக்குப் போய் ஒரு கிழமை. ஆளும் இல்ல, ஏறிப்போன மீன்பிடிப் போட்டும் இல்ல. எனக்குச் சோறு தண்ணி இறங்கல்ல. நேத்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு இது வந்திச்சு. பக்கத்து வீட்டுப் புள்ளதான் அதுக்கு மேல இருந்த உங்கட கம்பனிப் பேரைப் பாத்துச் சொன்னா.”

நீட்டிய தொலைபேசியில் கீர்த்தனி வாசித்தாள்.

‘உம்மா, போன் தண்ணிக்குள்ள விழுந்திட்டு. நான் சுகமா இருக்கன். யோசிக்காதீங்க.’

மறுபடியும் வாசித்தாள். அது அவளே எழுதியது.

குறுஞ்செய்தி அனுப்பும் சேவையை மற்றக் கம்பனிகளுக்கு விற்பதுதான் அவர்களின் தொழில். அந்தச் சேவையை வாங்குகிறவர்கள் தங்கள் மென்பொருளோடு இணைக்கும் ஏபிஐயை எப்படிப் பாவிப்பது என்று விளக்கும் பக்கத்தில் ஓர் உதாரணம் வைக்க வேண்டும். ‘டெஸ்ட், டெஸ்ட்’ என்று எழுதினால் மேலாளர் கிருஷாந்துக்குப் பிடிக்காது. உண்மை மாதிரி இருக்கவேணும் என்று நச்சரிப்பார். அவளும் செய்தி போகவேண்டிய இடத்தில் வாயில் வந்த ஒரு நம்பரைப் போட்டு, கூடப் படித்த கிண்ணியாப் பிள்ளைகளின் பேச்சில் ஒரு மகனின் செய்தியை எழுதிவைத்தாள். எந்த ஊர்ப் புண்ணியவானோ அதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அனுப்பிப் பார்க்க, அந்த நம்பர் நஜ்முன் நிஸாவுடையதாகிப் போயிருக்கிறது.

பின்னால் நின்று அந்தச் செய்தியை வாசித்துவிட்ட கிருஷாந்த் அவளைத் தேத்தண்ணி போடும் குசினிப் பக்கம் கூப்பிட்டார். “வாயைத் திறந்திராதீங்க. வழக்குக் கிழக்கு வந்தா முதல்ல போறது உங்கட வேலைதான்.”

“மகன் உயிரோட இருக்கான் எண்டு அந்த மனிசி நம்பிக்கொண்டு இருக்கா, சேர்.”

“நம்பட்டுமே. அதால என்ன குறைஞ்சுபோகப் போகுது?”

அவர்மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் திரும்பி வந்து அந்த முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. பாவம், பெடியன் வந்து சேரும்வரைக்காவது ஒரு வாய் சாப்பிட்டுப் படுக்கட்டும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்த இரக்கத்தில் பாதி, வேலை போய்விடுமே என்ற பயம் என்பதும் அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

“ஓம் அம்மா. உங்கட மகன் சொன்னதைத்தான் நாங்க அனுப்பினது.”

நஜ்முன் நிஸா அவளின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அவசர அவசரமாகத் தொலைபேசியைக் காதில் வைத்தாள்.

“முனாஸ் தம்பி, கம்பனியிலயே கேட்டிட்டன், அவன் சுகமாத்தான் இருக்கான். நடுக்கடல்ல அவனைத் தேடிக்கொண்டு நிக்கிற போட்டு எல்லாத்தையும் திரும்பி வரச் சொல்லிடு!”