அரண்மனைச் சாட்சி

“தலையை நிமிர்த்து! ராஜா என்ன தரையிலயா உட்கார்ந்திருக்கார்?”

சரித்திர டீச்சரின் அதட்டல் வராந்தா வரைக்கும் கேட்டது. பக்கத்து வகுப்பை முடித்துவிட்டு வந்த கணக்கு வாத்தியார் அப்படியே நின்றுவிட்டார். அவர் இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து நாலே நாள்தான் ஆகிறது. அதற்குள் அடுத்தவர் வகுப்பில் மூக்கை நுழைக்கக் கூடாதுதான். ஆனால் கால் நகர்ந்தால்தானே!

உள்ளே எட்டாம் வகுப்பு நீதிமன்றமாக மாறியிருந்தது. மக்கள் திரண்டு வந்து அரியணையிலிருந்து இறக்கிய ராஜாவின் மீது விசாரணை. டீச்சர் நாற்காலியில் நீதிபதியாக ஒரு கண்ணாடிக்காரப் பெண். ஜன்னலோரம் அட்டைக் கிரீடத்தைப் பறிகொடுத்த ராஜா. இரண்டு பெஞ்சுகளை நெருக்கிப் போட்டுச் செய்த கூண்டில், அரண்மனைப் பணிப்பெண்ணாக மைனா.

மைனா என்பது பட்டப்பெயர். ஒரு காலத்தில் ஓயாமல் பேசுவாளாம். இந்த நாலு நாளில் அவள் வாயைத் திறந்து வாத்தியார் பார்த்ததில்லை. பேர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். போயும் போயும் இந்தப் பிள்ளையையா சாட்சிக் கூண்டில் ஏற்றுவது!

“குதிரைக்காரனை ராஜா சவுக்கால அடிச்சாரே, அப்போ நீ அங்க இருந்தியா?” அரசாங்க வக்கீல் பையன் கேட்டான்.

மைனாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ராஜாவின் வக்கீல் துள்ளி எழுந்தான். அவனுக்கு வகுப்பில் வெடி என்று பேர். மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான்.

“பொய்ச் சாட்சி! சுத்தப் பொய்ச் சாட்சி! நீ எங்க நின்னே? எத்தனை அடி தூரம்? யார் சொல்லிக் கொடுத்து வந்து நிக்கிறே?”

மைனா ஓரடி பின்வாங்கினாள். பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் சத்தமா கேளுடா,” என்றார் டீச்சர். “கிட்டப் போய்க் கேளு. ராஜா, நீ அவளை முறைச்சுக்கிட்டே இரு!”

வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனார். அவரைப் பார்த்ததும் வகுப்பு கப்சிப்பென்று அடங்கியது.

“டீச்சர், கொஞ்சம் வெளியில வர்றீங்களா?”

வராந்தாவுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பொரிந்தார். “இது பாடமா, சித்திரவதையா? அந்தப் பிள்ளை அழுதுடும் போலிருக்கு.”

“அழட்டும் சார். அழறதா இருந்தா இன்னிக்கே அழுது முடிச்சுடட்டும்.”

“வாயாடிங்க இத்தனை பேர் இருக்காங்க. வேற ஒருத்தியை நிறுத்தினா குடியா முழுகிடும்?”

“முழுகிடும் சார். நாளைக்கு இவதான் பேசணும். இவளுக்குப் பதிலா யாரும் பேச முடியாது. இவ வாயைத் திறக்கலைன்னா எல்லாம் போச்சு.”

அடடா, நாலு பேர் கைதட்டுவதற்காக ஒரு பிள்ளையை இந்தப் பாடு படுத்துவார்களா? வாத்தியாருக்குக் காது சிவந்துவிட்டது.

“நான் ஹெட்மாஸ்டர்கிட்ட போகத்தான் போறேன்.”

“தாராளமா போங்க. இந்தப் பீரியட் முடியற வரைக்கும் பொறுத்துக்குங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்.”

டீச்சர் திரும்பி உள்ளே போனார். நேராக மைனாவிடம் போய் நின்றார்.

“இங்க பாரு. நீ என்ன சொல்லணும்னு நான் சொல்லித் தரவே மாட்டேன். ஆனா ஒண்ணை மட்டும் தெரிஞ்சுக்கோ. அவரை இறக்கியாச்சு. சவுக்கும் இல்லை, சிப்பாயும் இல்லை. முறைக்கத்தான் முடியும். முறைச்சா முறைச்சுட்டுப் போகட்டும்!”

வெடி மறுபடியும் கத்தினான். மூன்றாம் தடவை. நான்காம் தடவை. வாசலில் நின்ற வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். மணியடிக்க இன்னும் மூன்று நிமிஷம்.

“இருந்தேன்.”

“காதுல விழலை!” வெடி விடவில்லை.

“இருந்தேன்! நான் அங்கதான் இருந்தேன்!” மைனாவின் தலை நிமிர்ந்தது. “அவர் அடிச்சார். கீழே விழுந்த பிறகும் அடிச்சார். என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். நீ எத்தனை தடவை கத்தினாலும் அதைத்தான் சொல்வேன், போ!”

வகுப்பே ஓவென்று கூச்சலிட்டது. எதிர்க்கட்சி வக்கீல் வெடிதான் முதலில் கைதட்டினான், அதுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே. ராஜா பெஞ்சின் மேல் ஏறி நின்று, “நான் குற்றவாளி! நான் குற்றவாளி!” என்று சந்தோஷமாகக் குதித்தான். கண்ணாடிக்கார நீதிபதி தீர்ப்பை மறந்துவிட்டு ஓடிப்போய் மைனாவைக் கட்டிக்கொண்டாள். மைனா அழுதாள், சிரித்தாள், மூச்சுவிடாமல் ஏதேதோ பேசினாள்.

மணி அடித்தது. வெளியே வந்த டீச்சரின் புடவைத் தலைப்பு ஈரமாக இருந்தது. வாத்தியாருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

“தப்பா நினைச்சுட்டேன் டீச்சர். பொண்ணு பிரமாதமா பேசறா. நாளைக்கு எந்த மேடையில நாடகம்? நானும் வர்றேன்.”

டீச்சர் வகுப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நாடகம் இல்லை சார், நிஜக் கோர்ட்டு. ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தனை மாடிப்படியிலேர்ந்து பிடிச்சுத் தள்ளினதை இவ ஒருத்திதான் பார்த்திருக்கா. தள்ளினவர், போன வருஷம் வரைக்கும் உங்க இடத்துல கணக்கு எடுத்தவர்.”