மூன்று நாள் தொடாத டீ

மூன்றாவது நாளாக டீ ஆறிக்கொண்டிருந்தது. தையல்காரர் டம்ளரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்கும் வேணாமா?” அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபடியே மனைவி கேட்டாள். “ரெண்டு நாளா சாப்பாட்டையும் கொறிக்கிறீங்க. வெளிய யாராச்சும் நல்லா ஆக்கிப் போடுறாங்களோ?”

“சும்மா வாய்க்கு வந்ததப் பேசாத.”

“முந்தாநாள் கடையைப் பாதியில பூட்டிட்டுப் போனீங்களாமே. ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னாரு.”

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எதைச் சொல்வார்?

போன வாரம் சட்டை தைக்க வந்தவர், கழுத்தளவு எடுக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அளவு முடியும்வரை மூச்சையே விடவில்லை. டேப்பைச் சுருட்டும்போது தையல்காரருக்குக் கை கூசியது.

ஆறு மாதம் முன்பு, குறட்டை தாங்கவில்லை என்று மனைவி தலையணையோடு முன்னறைக்குப் போனதன் காரணம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“எத்தனை வருஷமா இப்படியே விட்டு வச்சிருந்தீங்க?” என்று முந்தாநாள் பல் டாக்டரம்மா கேட்டபோது, வாயைத் திறந்து வைத்திருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தார். ஈறுக்கு அடிவரை சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். “ரெண்டு நாளைக்குச் சூடு, காரம், கடிச்சுத் திங்கிறது எதுவும் வேணாம். அப்புறம் வழக்கம்போலச் சாப்பிடலாம். கொஞ்ச நாள் பல்லு கூசும், பயந்துடாதீங்க” என்று சொல்லி அனுப்பினார்.

இன்று குடிக்கலாம். பயத்தில்தான் டம்ளரைத் தொடாமல் இருந்தார். இனியும் தள்ளிப்போட்டால் பேச்சு வேறெங்கோ போய்விடும் என்று எடுத்து ஒரு வாய் குடித்தார். விசுக்கென்று கூச்சம் தாடைவரை ஏற, கண்ணில் நீர் முட்டியது.

“என்னாச்சுங்க?” அடுப்படியில் நின்றபடியே தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள்.

“பல்லு கூசுது. முந்தாநாள் டாக்டர்கிட்டப் போய்ச் சுத்தம் பண்ணிட்டு வந்தேன்.” டம்ளரைக் கீழே வைத்தார். “உன்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நாத்தம் தாங்காமத்தான் அந்த ரூமுக்குப் போயிருக்கே. என் மனசு நோகக் கூடாதுன்னு குறட்டை மேல பழியப் போட்டே. எனக்குத்தான் புத்தியில்ல.”

அவள் அடுப்பை அணைத்தாள். புறங்கையால் வாயை மூடிக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தாள். காது மடல்கள் சிவந்திருந்தன.

“இப்போ சரியாயிட்டேன்னுதான் நினைக்கிறேன்” என்றார் தையல்காரர், தலையைக் குனிந்தபடி. “இனிமேயாவது இங்க வந்து படு.”

அவள் வாயிலிருந்து மெல்லக் கையை எடுத்தாள். ஈறுகள் வீங்கி, பல் இடுக்கெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது.

“நான் தள்ளிப் படுத்தது என் வாய்க்கு வெக்கப்பட்டுங்க.”