தரையை ஒட்டி ஒரு ஜாண்

பத்தாவது தடவையாகப் புகை திரும்பி வந்துவிட்டது.

எரியும் கட்டடத்திலிருந்து கதாநாயகன் ஒரு குழந்தையைக் காப்பாற்றும் காட்சி. நெருப்பும் புகையும் கம்ப்யூட்டரில் உண்டாக்குபவை. புகை அவள் பொறுப்பு. ஸ்டூடியோவில் அவளுக்குப் 'புகைக்காரி' என்றே பெயர்.

"நல்லா கரேல்னு இருக்கணும்மா. ஆனா ஹீரோ மூஞ்சி பளிச்சுனு தெரியணும்" என்றார் டைரக்டர்.

இரண்டும் சேர்ந்து நடக்காது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

பதினோராவது தடவை அவள் யாரையும் கேட்கவில்லை.

வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு டேக்கை எடிட்டரிடம் வாங்கி வந்தாள். அதில் கதாநாயகன் நடக்கவில்லை; தவழ்கிறான். பின்னால் குழந்தை.

கறுப்பைக் குறைத்து, அழுக்குப் பழுப்பைக் கொண்டுவந்தாள். அதில் மஞ்சள் ஒரு சிட்டிகை. மேலே, கை நீட்டினால் தட்டுப்படும் போல அடர்த்தியைக் கூட்டினாள். கீழே வர வர மெலிதாக்கி, தரையை ஒட்டி ஒரு ஜாண் உயரத்துக்கு மட்டும் சுத்தமாக விட்டாள்.

டைரக்டர் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்.

"மூஞ்சியே தெரியல" என்றார். நான்காவது முறையும் ஓட்டிவிட்டு, "தெரிய வேணாம். எனக்கே மூச்சு முட்டுது. எங்க பாத்தேம்மா இதை?"

அவள் நன்றிப் பட்டியலில் ஒரு வரி வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

"அதுக்கென்ன, பேரைச் சொல்லு."

"பேரு தெரியாது சார்."

வீடு தீப்பிடித்தபோது அவளுக்கு ஏழு வயது. மாடிப்படி முழுக்கப் புகை. யாரோ அவள் தலையைத் தரையோடு அழுத்தி, "நிமிராத, என் பின்னாடியே வா" என்றார்கள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத, கரகரத்த குரல். அந்த ஒரு ஜாண் வெளிச்சத்தில் அவள் கண்டது, முன்னால் போன, செருப்பில்லாத இரண்டு குதிகால்களை மட்டும். அவற்றைப் பிடித்துக்கொண்டே தெருவுக்கு வந்துவிட்டாள்.

இருமி முடித்துக் கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் கூட்டம். எல்லார் காலையும் பார்த்தாள்.

எல்லாரும் செருப்புப் போட்டிருந்தார்கள்.

படம் வந்துவிட்டது. கடைசியில் ஓடும் நன்றிப் பட்டியலில், இருபத்தாறு பெயர்களுக்குக் கீழே ஒரு வரி காலியாகப் போகும்.

அவள் கேட்டு வாங்கிய வரி அது.