எதிர் நாற்காலி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் திருமாறன் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழை விரித்தான். வினோதினி மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தாள். இருவருக்கும் விவாகரத்தாகி மூன்று வருடங்கள் கழித்துத்தான் மருத்துவர் அவளுடைய கவனச் சிதறலுக்கு ஏடிஎச்டி என்று பெயர் சொன்னார். மாத்திரையோடு ஒரு யோசனையும் தந்தார்: வேலை செய்யும்போது எதிரில் யாராவது சும்மா உட்கார்ந்திருக்கட்டும். தங்கை வந்து பேசிக்கொண்டே இருந்தாள். தோழி போனைப் பார்த்துச் சிரித்தாள். பேசாமல் உட்காரத் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். மணவாழ்க்கையில் இவன்மீது அவள் சொன்ன ஒரே குறையும் அதுதான்.

அவள் எழுந்தால் அவன் தலையைத் தூக்கிப் பார்ப்பான். அவள் உட்கார்ந்துவிடுவாள். செவ்வாய்தோறும் இப்படியே இருநூற்றுப் பத்துப் பக்கங்கள் ஆகிவிட்டன. வாழ்க்கையில் அவள் முடிக்கப்போகும் முதல் புத்தகம்.

"இன்னும் எத்தனை பக்கம்?"

"ரெண்டு."

"நல்லவேளை. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். அப்புறமும் இங்க வந்து பொம்மை மாதிரி உட்காந்திருந்தா நல்லாருக்காது."

"தஞ்சாவூர் பொம்மைகூடத் தலையாட்டும். நீ அதையும் செஞ்சதில்ல."

அவன் சிரித்துவிட்டு மறுபடி நாளிதழுக்குள் போனான். பதினொன்றரைக்கு அவள் கடைசி வாக்கியத்துக்குப் புள்ளி வைத்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் முழுவதையும் அழித்துவிட்டு, முதல் வரியிலிருந்து தட்டச்சு செய்யத் தொடங்கினாள். ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.

ஒரு மணிக்கு அவன் நாளிதழை மடித்தான்.

"வினோ, முடிஞ்சுதா?"